காரணம்: சீனி வருத்தம்

விஜிதரனை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. காலை எட்டரைக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் களஞ்சியத்துக்குள் வந்தவன், இருக்கச் சொல்லுமுன் கதிரையில் இருந்துவிட்டு, "அக்கா, இந்த அட்டைப் பெட்டியளை ஒருக்கா கீழ இறக்கி வைப்பமே? எனக்கு மேசை வேணும்" என்றான். ஒன்பது வருடமாக அந்த மேசையில் அந்தப் பெட்டிகள்தான் இருந்தன. நான் இறக்கவில்லை. அவன் கணினியை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்தான்.

எங்கள் நிலையம் கிளிநொச்சியில், பெரிய றோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. செயற்கைக் கால் செய்து கொடுக்கும் இடம். முன்னால் அளவெடுக்கும் அறை, பின்னால் பட்டறை, நடுவில் களஞ்சியம். பாதம், குழாய், முழங்கால் மூட்டு, வார், ஆணி எல்லாம் என் பொறுப்பு. பட்டறையில் கால் பொருத்துகிற சுகிர்தனுக்கு என் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணிகூடப் போகாது. வாய் பொல்லாதவள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். சொல்லட்டும். ஒன்பது வருடத்தில் ஒரு மூட்டுக்கூடத் தவறவில்லை.

இனிமேல் எல்லாம் கணினியில்தான் என்று கொழும்புத் தலைமையகம் முடிவெடுத்து விஜிதரனை அனுப்பியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பெடியன், கொழும்பில் படித்து அங்கேயே உத்தியோகம், முப்பது வயதுக்குள். அவன் கொண்டுவந்த மென்பொருளில் பொருளின் பெயர், இலக்கம், எண்ணிக்கை என்று மூன்று விபரங்கள்தான் இருந்தன. மிச்சத்தை எங்களுடைய தேவைக்கு ஏற்ப நாங்களே கட்டம் கட்டமாகச் சேர்த்துக்கொள்ளலாமாம்.

"எழுத்துக் கட்டம், இலக்கக் கட்டம், திகதிக் கட்டம், பட்டியல் கட்டம் எண்டு நாலு வகை இருக்கு அக்கா. உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ, நான் சேத்துத் தாறன்" என்றான்.

ஏற்கெனவே சில கட்டங்களை அவனே வைத்திருந்தான். பாதத்துக்கு நிறம் தெரிவுசெய்கிற பட்டியலைத் திறந்து பார்த்தேன். மெரூன், கிளிப்பச்சை, மயில்நீலம் என்று வரிசையாக வந்தது.

"தம்பி, கிளிப்பச்சைப் பாதம் ஆருக்கு? கோயில் திருவிழாவுக்கோ?"

ஒரு புடைவைக்கடைக்குச் செய்து கொடுத்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். பட்டறை வாசலில் நின்ற சுகிர்தன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனான். விஜிதரனுடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. அதற்குப் பிறகு அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

இரண்டு நாள் இருந்து கட்டங்களைச் சேர்த்தோம். இடதா வலதா, பாதத்தின் நீளம், தாங்கும் நிறை, முழங்காலுக்கு மேலா கீழா. நான் கேட்ட ஒரு கட்டத்துக்கு மட்டும் அரை நாள் சண்டை. ஆள் எங்கே நடப்பவர் என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றேன். சேறு, மணல், றோட்டு. வயலில் இறங்குகிறவருக்கும் முல்லைத்தீவுக் கடற்கரையில் வலை இழுக்கிறவருக்கும் ஒரே பாதத்தைக் கொடுக்க முடியாது. கொடுத்தால் நாலு மாதத்தில் கிழிந்துகொண்டு திரும்பி வரும்.

"உது ஆளின்ர விபரம். இது சாமான் கணக்கெடுக்கிற மென்பொருள். இதுக்குள்ள ஆளின்ர கதை எல்லாம் வேண்டாம்" என்றான்.

"கால் என்ன, றாக்கைத் தட்டில இருந்து தானா இறங்கி நடக்கிறதே?"

கடைசியில் சேர்த்தான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் காலை வந்து பார்த்தால் புதிதாக ஒரு கட்டம் கிடந்தது. 'கால் இழந்த காரணம்.' பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் போட்டால் அந்தக் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். நிரப்பாவிட்டால் ஓர் ஆணியைக்கூட வெளியே கொடுக்க அது விடாது, காத்திருப்போர் பட்டியலில் ஒரு பெயரைக்கூட ஏற்றாது. பட்டியலைத் திறந்தேன். யுத்தம், பொதுமக்கள். யுத்தம், முன்னாள் போராளி. விபத்து. சீனி வருத்தம். பாம்புக்கடி. பிறவி.

முதலாவதை அமத்தினேன். உடனே கீழே மேலும் மூன்று கட்டங்கள் முளைத்தன. எந்த இடம், எந்தத் திகதி, எதனால். இரண்டாவதை அமத்தினால் புனர்வாழ்வுப் பதிவிலக்கம் கேட்டது. சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவை, அமத்தினேன். எத்தனை வருடமாக என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது.

எனக்குள் வந்தது பயமா கோபமா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. கோபம் என்றே எடுத்துக்கொண்டேன்.

"ஆளின்ர கதை வேண்டாம் எண்டு நேற்று ஆர் சொன்னது?"

"நான் கேக்கேல்லை அக்கா. நிதி குடுக்கிறவை கேக்கினம்."

"உதை இஞ்ச ஒருத்தரிட்டையும் கேக்கேலாது."

"உங்கட நோயாளர் அட்டையில எழுதிக் கிடக்குதே. நான் பாத்தனான்."

"அட்டை என்ர அலுமாரிக்குள்ள கிடக்கு. அலுமாரித் திறப்பு என்ர இடுப்பில கிடக்கு. உங்கட இது எங்க போகுது?"

"சேர்வருக்கு."

"அங்க ஆர் பாக்கிறது?"

"அனுமதி உள்ளவை மட்டும்தான்."

"அந்த அனுமதி உள்ளவையின்ர பேரை எழுதித் தாரும். பிறகு நான் கேக்கிறன்."

அந்தப் பெயர்கள் அவனுக்கே தெரியாது. "நீங்கள் எல்லாத்துக்கும் சண்டை பிடிக்கிறியள். யுத்தம் முடிஞ்சு பதினாறு வருசம் போட்டுது. இப்ப ஆருக்கு என்ன பயம்?" என்றான். எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. சத்தம் கேட்டு நிலையப் பொறுப்பாளர் யோகநாதன் சேர் வந்துவிட்டார். அவர் ஒரு சண்டையிலும் ஒரு பக்கமும் நிற்காத மனிதர். "தேனுகா, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கோவன்" என்று என்னிடமும், "விஜிதரன், கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோவன்" என்று அவனிடமும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். நட்சத்திரம் அப்படியே இருந்தது.

அன்று பின்னேரம் எல்லாருக்கும் பயிற்சி. சுவரில் படம் போட்டு, எந்தக் கட்டம் எதற்கு, எதை நிரப்பினால் எது எங்கே போகும் என்று அவன் விளங்கப்படுத்தினான். நான் எழுந்து வெளியே போய் வேப்ப மரத்துக்குக் கீழே தேத்தண்ணி குடித்தேன். பயிற்சி முடியும்வரை உள்ளே போகவில்லை. பிறகு வந்த அத்தனைக்கும் அந்தத் தேத்தண்ணிதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

இங்கே இருப்பவர்களுக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்த இடம் ஒவ்வொன்றிலும் நிரப்பினோம், முகாமில் நிரப்பினோம், திரும்பி வந்தபோது நிரப்பினோம், வீட்டுத்திட்டத்துக்கு நிரப்பினோம். நிரப்பி நிரப்பி ஒன்றைக் கற்றுக்கொண்டோம். ஒரு கேள்விக்கு ஆறு விடை இருந்தால், எந்த விடையை எழுதினால் யாரும் மறுபடி வீட்டுக்கு வந்து கேட்கமாட்டார்களோ அதை எழுத வேண்டும். உண்மையா பொய்யா என்பது இரண்டாவது சங்கதி. விஜிதரனுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். அவன் பஸ் ஏறிய மறுநாள் முதல் ஆள் வந்தபோது, பட்டியலைத் திறந்து சீனி வருத்தம் என்று போட்டேன். எத்தனை வருடம்? பத்து.

அடுத்தவருக்கும் சீனி. அதற்கடுத்தவருக்கும் சீனி. கைப்பழக்கம் மாதிரி எனக்கு வந்துவிட்டது. என்னோடு பகிடி விடக்கூடியவர்களுக்கு மட்டும் சொன்னேன். "அண்ணை, இண்டையில இருந்து உங்களுக்குச் சீனி வருத்தம்."

"ஐயோ பிள்ளை, மனுசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டாள்" என்று ஓமந்தையிலிருந்து வருகிற ஒருவர் சொன்னார். பட்டறை முழுக்கச் சிரித்தது. விஜிதரனுடைய முகம் எனக்குக் கண்ணுக்குள் வந்தது. அந்தச் சந்தோசத்தை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு சீனியும் அவன் கன்னத்தில் ஓர் அறை.

மூன்று பேர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மூவரும் வயதானவர்கள். "எனக்குச் செல் பட்டது. செல் எண்டே போடு பிள்ளை" என்று மேசையில் கையூன்றி நின்றார்கள். பிடிவாதக் கிழவர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு, அவர்கள் தாமாகவே சொன்ன இடம், திகதி, எறிகணை எல்லாவற்றையும் போட்டேன்.

மற்ற எல்லாருக்கும் சொன்னேனா என்றால், இல்லை. கிருசாந்திக்குச் சொல்லவில்லை.

கிருசாந்திக்கு முப்பத்தெட்டு வயது. விசுவமடுப் பக்கம் ஒரு பாடசாலையில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறாள். நூற்றிருபது பிள்ளைகள். வலது கால் தொடையோடு இல்லை. அவளுடைய பழைய முழங்கால் மூட்டில் பூட்டுத் தேய்ந்து, நிற்கும்போது திடீரென்று மடியத் தொடங்கியிருந்தது. அவள் வந்த நாள் களஞ்சியத்தில் மூட்டுத் தீர்ந்திருந்தது. சுகிர்தன் ஒரு வாசர் வளையம் வைத்து இறுக்கிக் கொடுத்தான். "அக்கா, இது கனநாள் தாங்காது. பாரம் தூக்காதேங்கோ" என்றான்.

"சோத்துப் பானையை ஆர் தூக்கிறது தம்பி? அதிபரோ?" என்று கேட்டாள். அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. கதைத்தால் அப்படித்தான் வெட்டிக் கதைப்பாள். நான் அவளைக் காத்திருப்போர் பட்டியலில் ஏற்றினேன். அவள் அளவெடுக்கும் அறையில் காலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, இங்கே நான் ஒரு தட்டுத் தட்டிச் சீனி என்று போட்டு முடித்துவிட்டேன்.

மூட்டு எப்போது வரும் என்று அவள் மாதத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் கேட்பாள். அடுத்த கப்பலில் வருகிறது என்று நானும் சொல்வேன். நான் கேட்டிருந்தது இருபத்துநாலு மூட்டு.

எட்டு மாதத்தின் பிறகு பெட்டிகள் வந்தன. ஆறு பெரிய பெட்டி. சுகிர்தனும் நானும் சேர்ந்து உடைத்தோம். முதல் பெட்டியில் செருப்பு. சீனி வருத்தக்காரர் புண் வராமல் போடுகிற மெத்தென்ற செருப்பு. இரண்டாவதிலும் செருப்பு. மூன்றாவதில் பாதம். ஆறாவது பெட்டியின் அடியில் மூன்று முழங்கால் மூட்டுக் கிடந்தது. ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த தாளில் ஒவ்வொரு பெயர். அந்த மூன்று பிடிவாதக் கிழவர்களின் பெயர்.

சுகிர்தன் ஒரு சோடிச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, ஒரு கால் இல்லாத ஆக்களுக்குச் சோடி சோடியா அனுப்பியிருக்கினம்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஜிதரனுக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினேன். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவன் ஒன்றே ஒன்று சொன்னான். "நான் நாளைக்கு வாறன். வந்து காட்டிறன்."

செவ்வாய்க்கிழமை காலை வந்தான். இந்தமுறை மேசையைக் கேட்கவில்லை. அட்டைப் பெட்டிகளுக்கு மேலேயே கணினியை வைத்துத் திறந்தான்.

"பாருங்கோ. காரணம் யுத்தம் எண்டால் நீங்கள் கேக்கிற சாமான் ஓடர் ஒரு நிறுவனத்துக்குப் போகும். அவைதான் முழங்கால் மூட்டுத் தாறவை. காரணம் சீனி எண்டால் ஓடர் வேற நிறுவனத்துக்குப் போகும். அவை செருப்பும் பாதமும் மட்டும்தான் தருவினம். அண்டைக்குப் படம் போட்டு ஒரு மணித்தியாலம் இதைத்தான் விளங்கப்படுத்தினனான். நீங்கள் மரத்துக்குக் கீழ நிண்டனீங்கள்."

அவன் பட்டியலைக் கீழே உருட்டினான்.

"நூற்று அறுபத்து மூண்டு பேர். நூற்று அறுபது பேருக்குச் சீனி. எல்லாத்துக்கும் பக்கத்தில தேனுகா, தேனுகா எண்டு உங்கட பேர்தான் நிக்குது. எல்லாருக்கும் பத்து வருசம். ஒராளுக்காவது ஒம்பது எண்டு போட்டிருக்கக்கூடாதே? வன்னியில சீனி வருத்தம் பெருகிப்போச்செண்டு ஆராய ஒரு குழுவே வரப்போகுதாம். என்னைக் கூப்பிட்டுக் கிழிச்சுப் போட்டினம். என்ர வேலையே போகப் பாத்தது."

"உம்மட வேலையைப் பற்றி இப்ப ஆர் கேட்டது? இருபத்தொரு பேர் மூட்டில்லாமல் நிக்கினம்."

"அவையை நிக்க வைச்சது நானோ?"

"கேக்கக் கூடாததைக் கேட்டது நீர்தான்."

"பொய் எழுதினது நீங்கள்தான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவனை அடித்தால் என்ன என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அவனுக்கும் தோன்றியிருக்கும். கடைசியில் அவன்தான் முதலில் கண்ணை எடுத்தான். ஒரு வழி இருக்கிறது என்றான். மேலதிக ஓடர் ஒன்று போடக் கேட்டிருக்கிறானாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் அந்த இருபத்தொரு பேருடைய காரணமும் திருத்தப்பட வேண்டும். உண்மையான இடம், உண்மையான திகதி. திருத்தினவர்களுக்கு ஒரு மாதத்தில் மூட்டு வரும். திருத்தாதவர்கள் அடுத்த வருடம்வரை இருக்க வேண்டியதுதான்.

"பிறகு பொய் எழுத மாட்டியள்தானே?"

"போம் தம்பி. போய்ச் சாப்பிடும்" என்றேன்.

புதன்கிழமை முழுக்கத் தொலைபேசி. ஒன்பது வருடமாக அளவு கேட்டிருக்கிறேன், நிறை கேட்டிருக்கிறேன், எங்கே கடிக்கிறது, எங்கே உரசுகிறது என்று கேட்டிருக்கிறேன். இதை ஒருவரிடமும் கேட்டதில்லை. அட்டையில் இருப்பது எனக்கு முன் இருந்தவர் எழுதியது, அதுவும் 'செல்', 'மிதிவெடி' என்று ஒரு சொல்தான். இடமோ திகதியோ அதில் இல்லை. பளையிலிருந்து ஒருவர் கேள்வி முடியுமுன் எல்லாவற்றையும் மடமடவென்று சொன்னார், நான் எழுதி முடிக்குமுன் தொலைபேசியை வைத்துவிட்டார். ஒருவர், "ஆர் உங்களை இதைக் கேக்கச் சொன்னது?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அந்த ஓமந்தைக்காரர் "சீனியெண்டே கிடக்கட்டும் பிள்ளை. நான் கெந்திக் கெந்தித் திரியிறன்" என்றார். அவருடைய மூட்டு அந்தச் சொல்லோடு போய்விட்டது. பின்னேரம்வரை பன்னிரண்டு பேர் சொன்னார்கள், எட்டுப் பேர் மறுத்தார்கள்.

கிருசாந்தியின் தொலைபேசியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நாலு தரம் அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றபோதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அது வெட்கக்கேடு. ஆனால் ஆறுதலாகத்தான் இருந்தது.

வியாழன் காலை சுகிர்தன் களஞ்சிய வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"கிருசாந்தியக்கா ஆஸ்பத்திரியில. அவவின்ர தங்கச்சி போன் எடுத்தவள். நேற்று மத்தியானம் சோறு வடிக்கேக்க மூட்டு மடிஞ்சு போச்சாம். கஞ்சி கையிலயும் தொடையிலயும் கொட்டுப்பட்டிட்டுது."

பிள்ளைகளுக்கு ஏதும் பட்டதா என்று கேட்டேன். இல்லை என்றான். அவன் என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மத்தியானம் நோயாளர் பார்க்கும் நேரத்துக்குப் போனேன். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோனேன். அந்தக் கொப்பியோடு நோயாளர் விடுதிக்குள் நுழைய எனக்கே அருவருப்பாக இருந்தது. கிருசாந்தி சுவர்ப்பக்கக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கை விரலிலிருந்து முழங்கைவரை கட்டு. கழற்றிய கால் கட்டிலோடு சாத்தி வைத்திருந்தது. மூட்டில் சுகிர்தன் வைத்த வாசர் ஒரு பக்கமாக வெளியே வந்திருந்தது.

"என்னண்டு இருக்குது கிருசாந்தி?"

"பாக்கிறியள்தானே."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம், நட்சத்திரம், சீனி, செருப்பு, மூன்று மூட்டு. முடிந்த பிறகு கேட்டாள்.

"எனக்குச் சீனி எண்டு எழுதினது ஆர்?"

"நான்தான்."

"என்னட்டைக் கேட்டனீங்களோ?"

"இல்லை. உமக்குப் பிறகு ஒரு கரைச்சலும் வரக்கூடாதெண்டு..."

"ஆர் உங்களை அப்பிடிச் செய்யச் சொன்னது?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யாருக்காக இதைச் செய்தேன், எனக்கா? "எல்லாருக்கும் அப்பிடித்தான் போட்டனான். இஞ்ச ஆர்தான் உதைச் சொல்லுவினம்? நீர் சொல்லியிருப்பீரோ?" என்று கேட்டேன்.

"நான் சொல்லமாட்டன் எண்டு நீங்கள் எப்பிடி முடிவெடுத்தனீங்கள்?"

அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிருசாந்தி குரலைத் தணிக்கவில்லை.

"பதினாறு வருசம். எத்தினை பேர் என்ர காலை அளந்தவை, படம் எடுத்தவை. ஒராள் இருந்து, என்ன நடந்தது எண்டு கேக்கேல்லை. கேட்டால் நான் அழுவன் எண்டு அவைக்குப் பயம். அந்தப் பெடியனாவது கேக்கிறதுக்கு ஒரு கட்டம் வைச்சான். நீங்கள் அதையும் மூடிப்போட்டியள். பயம் எனக்கில்லை அக்கா. உங்களுக்குத்தான்."

அவள் சொன்னது சரி என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று எட்டு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். கேட்கப் பயந்த ஒருத்தி கேட்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தாள், அவ்வளவுதான் நடந்தது.

"அழ வேண்டாம். எழுதுங்கோ" என்றாள். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

கொப்பியைத் திறந்தேன். "இடம்?"

"பொக்கணை. கடற்கரைப் பக்கம்."

"கொஞ்சம் மெல்லச் சொல்லும்."

"ஏன்? இந்த வாட்டில பொக்கணை தெரியாத ஆள் ஆர்?"

யுத்தத்தின் கடைசி மாதங்களில் சனம் முழுக்க ஒதுங்கியிருந்த கரை அது. எதிர்க் கட்டிலில் இருந்த அம்மா தலையை மெதுவாக ஆட்டினார்.

"திகதி?"

"பங்குனி இருபத்தேழு. ரெண்டாயிரத்தொம்பது. வெள்ளிக்கிழமை. காலமை பத்து மணி இருக்கும், கஞ்சிக்கு வரிசையில நிண்டனான்."

"எதனால?"

"செல்." என் பேனையைப் பார்த்தாள். "ஆர் அடிச்சதெண்டு கேக்கேல்லையோ?"

"அதுக்குக் கட்டம் இல்லை."

"அதையும் சேக்கச் சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வேன் என்று தெரியாமல்தான் சொன்னேன். வேறு கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, இதை இன்றைக்கே கணினியில் ஏற்றிவிடுவேன், நாளை ஓடரில் அவளுடைய மூட்டும் போகும் என்றேன்.

"இவ்வளவுதானே? இதைக் கேக்க உங்களுக்கு எட்டு மாசம் செண்டதோ?"

நான் கொப்பியை மூடப் போனேன். கட்டுப்போட்ட கையை அவள் தூக்கித் தடுத்தாள்.

"எழுதினதை வாசிச்சுக் காட்டுங்கோ. திரும்பவும் சீனி எண்டு எழுதியிருப்பியள்."

நான் வாசித்தேன். களஞ்சியத்தில் கத்தினால் றோட்டுக்குக் கேட்கிற என் குரல் கட்டிலைத் தாண்டவில்லை.

"கேக்கேல்லை" என்றாள் கிருசாந்தி.

எழுந்து நின்று, பெயரிலிருந்து தொடங்கி இடம், திகதி, காரணம் என்று கடைசி வரிவரைக்கும், வாசலில் நின்ற தாதிக்கும் கேட்கும்படி வாசித்தேன்.